பாட்டில் மூச்சு வாங்கும் இடம்

உன்னுடைய சிவப்புக் கட்டம் போட்ட போர்வையில் இத்தனை வருடமாக இருந்த பூச்சி உருண்டை வாசனை போய்விட்டது. இன்று காலை மடித்து வைக்கும்போது முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை. உன் மகள் எஸ்தரின் தலை எண்ணெய்தான். துவைக்க மனசு வராமல் அப்படியே பீரோவில் வைத்துவிட்டேன். அவள் தலை இதற்குள் எப்படி வந்தது என்று உடனே கேட்பாய். எப்போதும் போல அவசரப்படாதே, சொல்கிறேன்.

இந்தப் போர்வைக்குள்தான் நீ 'கொண்டை ஊசி' பாட்டைப் பாடினாய். சர்ச்சில் ஒழுங்காகக் கிடார் வாசித்துக்கொண்டிருந்த உன் தம்பி, கல்வராயன் மலை வளைவுகளைப் பற்றி ராக் பாட்டுப் போடுகிறேன் என்று ஒருநாள் கிளம்பினான். ஸ்டுடியோவுக்கு வசதியில்லை. சங்கராபுரத்தில் உங்கள் வீட்டு நடு அறையில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மைக்கையும் உன்னையும் சேர்த்துப் போர்வையால் மூடச் சொன்னான். மூடுகிற வேலை எனக்கு. கட்டில்மேல் ஏறி நின்று கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்திருந்தேன். எஸ்தர் அப்போது உன் வயிற்றில் எட்டு மாதம். உள்ளேயிருந்து கத்தினாய்: "இன்னாடி இது, பாட்டு பாடச் சொல்லிட்டு ஆவி புடிக்க வெச்சிக்கினு கீறீங்க!"

'மேலே வா, மூச்சு வாங்கினாலும் மேலே வா' என்று குரலை உச்சிக்கு ஏற்றிய நேரம், வயிற்றில் ஓர் உதை. 'ஹா' என்று மூச்சை இழுத்தாய். பாட்டு நின்றுபோய் மூன்று பேரும் சிரித்தோம். உன் தம்பி மறுபடி பாடவைத்து ஒட்டினாலும் அந்த மூச்சை மட்டும் எடுக்கவில்லை. அதற்கப்புறம்தான் டிரம்ஸ் இடி மாதிரி இறங்கும். அந்த 'ஹா'வுக்காகவே பாட்டு ஓடியது என்று இப்போதும் சொல்வேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கல்லூரிப் பையன்கள் அந்த இடம் வந்ததும் நெஞ்சில் கைவைத்து மூச்சை இழுப்பார்கள். எவ்வளவு யோசித்துப் போட்டிருக்கிறார்கள் என்று வியந்தவர்களும் உண்டு. யோசித்தது யார்? பிறக்காத பிள்ளை.

வீடியோ எடுக்கக் கரியாலூர் போகவேண்டும் என்றபோது டாக்டர் உன்னை மலை ஏறவே கூடாது என்றுவிட்டார். தள்ளிப்போடலாம் என்றான் தம்பி. நீ விடவில்லை. "மழ போச்சின்னா அருவில தண்ணி இருக்காது. எனக்கோசரம் பாட்டு நிக்கக் கூடாது. இவள நிக்க வை. மூஞ்சி நல்லாதான் கீது, வாயத் தொறந்து பாடாம இருந்தா போதும்" என்று என்னைப் பிடித்துத் தள்ளினாய். நான் மாட்டவே மாட்டேன் என்றேன். அப்போது நீ சொன்னதுதான்: "நீ வாய மட்டும் அசை. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." மேலே குளிரும் என்று இந்தப் போர்வையையும் கொடுத்தனுப்பினாய்.

அருவிப் பாறைமேல் நின்று நாள் முழுக்க வாயை அசைத்தேன். பக்கத்துச் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த மலைக்கார அக்கா ஒருவர் வேலையை விட்டு வேடிக்கை பார்க்க வந்தார். "இன்னாமா, நீ வாயத் தொறக்குற, சத்தம் அந்தப் பொட்டிலேர்ந்து வருது?" என்றார். கீழே வந்து உன்னிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "போதும்டி, இங்கியே பொறந்துடும்" என்றாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

வீடியோ ஊரெல்லாம் ஓடியது. உன் குரலோடு என் முகம் ஓடியது. அது உனக்கு ஒரு விளையாட்டு. ஜவுளிக்கடையில் என்னிடம் புடவை பார்க்க வருகிறவர்கள், "அந்தப் பாட்டு பாடுன பொண்ணுதானே, ஒருவாட்டி அந்த மூச்சு வுடுங்க" என்பார்கள். பாடினது என் சிநேகிதி என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். யார் காதில் விழுகிறது? உன்னிடம் புலம்பினால், "வுடுடி, எனக்குத் தெருவுல நிம்மதியா நடக்க முடியுது" என்பாய்.

அப்புறம் அந்த மஞ்சள் காமாலை. எஸ்தருக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. உன் முகத்துக்குப் போட்டோக்கள் இருக்கின்றன. கல்யாண வீடியோவில் நீ வெறுமனே சிரிக்கிறாய், ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பேசிப் பதிந்து வைத்ததெல்லாம் உன் போனோடு போயிற்று. உன் மகளுக்கு உன் குரல் என்று மிஞ்சியது அந்தப் பாட்டு ஒன்றுதான். அதுவும் என் வாயிலிருந்து வருகிறது.

போன மாதம் அவள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அந்தப் பாட்டையே ஆடத் தேர்ந்தெடுத்தார்கள். "எங்கம்மா பாட்டு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இன்னொரு பிள்ளை டீச்சர் போனில் வீடியோவைக் காட்டி, "இது வேற ஆன்ட்டி, பொய் சொல்ற" என்றதாம். உன் வீட்டுக்காரர் வீடியோவுக்குக் கீழே இருந்த உன் பெயரைக் காட்டினார். "பேரு யார் பேர வேணா போடலாம்பா" என்றுவிட்டாள். உன் வாய்தான், சந்தேகமே இல்லை.

என்னிடம் வந்தாள். அழவில்லை. "சித்தி, நெசமா சொல்லுங்க. நீங்கதான பாடுனீங்க?" என்றாள். வயிற்றுக்குள் அவள் உதைத்த கதையைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, "நான் அழக் கூடாதுன்னு சொல்றீங்க" என்றாள். இருந்த ஒரு குரலையும் என் முகம் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டதே என்று அன்றெல்லாம் சோறு இறங்கவில்லை.

சென்னையில் இருக்கும் உன் தம்பிக்குப் போன் போட்டேன். அன்றைக்குப் பதிவு செய்தது வெட்டாமல் எங்காவது இருக்குமா என்றேன். "ஹார்ட் டிஸ்க்கு கீதுக்கா. அக்கா போனப்புறம் தொறக்கல. தொறக்க முடியல" என்றான். ஓடுமா என்பதும் தெரியாதாம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தான். நான் போர்வையை எடுத்துக்கொண்டு சங்கராபுரம் பஸ் ஏறினேன்.

அதே நடு அறை. அதே கட்டில். ஹார்ட் டிஸ்க் முதலில் கரகரவென்றது, உன் தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு திறந்தது. எஸ்தரும் நானும் போர்வைக்குள் புகுந்துகொண்டோம். ஹெட்போனின் ஒரு பக்கம் அவள் காதில், மறுபக்கம் என் காதில். கிடார் இல்லை, டிரம்ஸ் இல்லை, நீ மட்டும். 'மேலே வா, மூச்சு வாங்கினாலும் மேலே வா.' ஹா. உடனே உன் சிரிப்பு. "அய்யய்யோ, ஒதச்சிடுச்சி தம்பி! இன்னா ஒத ஒதைக்குது பாரு இந்தக் கழுத!"

எஸ்தர் ஹெட்போனைக் கழற்றினாள். "என்னையா கழுதன்னாங்க?"

"உன்னத்தான்."

"எந்தக் கால்ல ஒதச்சேன்?"

வலது காலாக இருக்கும் என்றேன். மறுபடி போடச் சொன்னாள். மறுபடி, மறுபடி. ஒவ்வொரு முறையும் 'ஹா' வரும்போது வலது காலால் ஓங்கி உதைத்தாள். அவ்வளவும் என் முழங்காலில். வெளியே உன் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். நான் போர்வைக்குள் அழுதேன். அவள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள், உன்னைப் போலவே சத்தமாக.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய், "அந்தப் பாட்டுல எங்கம்மாவும் கீறாங்க, நானும் கீறேன்" என்று சொல்லிவிட்டாளாம். ஆட்டத்தில் மற்ற பிள்ளைகள் அந்த இடத்தில் நெஞ்சில் கை வைப்பார்கள். இவள் மட்டும் உதைப்பேன் என்று அடம்பிடித்து டீச்சரைச் சம்மதிக்க வைத்திருக்கிறாள்.

வருகிற வெள்ளிக்கிழமை விழா. வீடியோவில் வந்த பெண் என்று என்னை மேடைக்கு அழைத்தார்கள், மைக்கில் ஒரு வரி பாடுங்கள் என்றும் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். கீழே முதல் வரிசையில் உன் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு நாற்காலி போதும். முழங்காலில் கன்றிப்போன இடம் இன்னும் வலிக்கிறது, வலிக்கட்டும். நீ பாடு. இந்த முறை நான் வாயை அசைக்கப் போவதில்லை.