அப்பாவின் ஒரு மூலக்கூறு

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஆய்வகத்தில் ஒரு வேடிக்கை, பயப்படாதே. போன வருடம் வந்திருந்த அப்பாவிடம் ஆய்வுக்கு ரத்தம் கேட்டேனே. "பொறந்ததுல இருந்து அதத்தானே குடிக்கிற, எடுத்துக்கோ" என்று கையை நீட்டினாரே. அது உறைபெட்டியில் பத்திரமாக இருந்திருக்கிறது. இன்று அதிலிருந்து ஒரேயொரு புரத மூலக்கூறை லேசர் ஒளியில் பிடித்தோம். இழுத்தால் விரிந்தது, விட்டால் தானாகச் சுருண்டது. அப்பா போய் எட்டு மாதமாகிறது, அம்மா. பின்னால் அவர் செருமியது போலிருந்தது; திரும்பிப் பார்த்தேன்.

"போதும்மா, அணைச்சிடு" என்றார் பேராசிரியர். ஒளியை அணைத்தால் அது நழுவிவிடும். எனக்குக் கை வரவில்லை. அவரே அணைத்தார்.

சோதனைக் குழாயில் அப்பாவின் ரத்தம் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. என்ன செய்யட்டும்? பதில் எழுதாதே, போனில் சொல். கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மகள்