கிட்டம் என்று நான் சொன்ன கட்டி

தெருமுனை இஸ்திரி வண்டியில் காலையில் கரி மூட்டுகிறார்கள். இங்கே ஆனையூரில் அந்த வாசனை என் வாசல்வரை வரும்போதெல்லாம் உன் நினைப்புத்தான். நீ போய் இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே:

1. எழுமலையில் நாம் உலை கட்டியது.
2. அதில் இரும்பு வராமல் போனது.
3. மேடு போனது.

எழுபதுகளின் கடைசி, ஒரு கோடை விடுமுறை. பள்ளியில் நீ கணக்கு, நான் வேதியியல். உங்கள் புஞ்சை ஓரத்தில் ஒரு கருப்பு மேடு இருந்தது. எந்தக் காலத்திலோ இரும்பு எடுத்தவர்கள் கொட்டிய கழிவு, கிட்டம். உன் அண்ணன் அதை ரோடு போடுகிறவர்களுக்கு அள்ளிக் கொடுக்கப் பார்த்தார். நீ மறித்தாய். ஓடை மணலில் இரும்பு எடுத்துக் காட்டினால் மேட்டைத் தொடமாட்டேன் என்றார்.

நெஞ்சுயரத்துக்கு மண் உலை. ஓடையில் அள்ளிய கருமணலையும் கரியையும் மாற்றி மாற்றிப் போட்டு, விடிந்ததிலிருந்து துருத்தி ஊதினோம். கால்மணிக்கு ஒருமுறை நான் நோட்டில் குறித்தேன். மத்தியானம் அடியைத் திறந்ததும் கிட்டம் பாகுபோல ஓடியது. அடுத்து இரும்பு ஓடிவரும் என்று குனிந்தே இருந்தேன். வரவில்லை. உலையை உடைத்தோம். அடியில் தேங்காய் அளவில் ஒரு கருப்புக் கட்டி, பொத்தல் பொத்தலாய்.

“வாத்தியாரு ரெண்டு பேரும் அம்புட்டுக் கரியையும் எரிச்சதுதான் மிச்சம்” என்றார் அண்ணன்.

நீ காந்தத்தை வைத்தாய். ஒட்டியது. மாறாமல் கிடக்கும் கருமணலும் ஒட்டும் என்றேன்.

“மாப்ள, எங்கண்ணே ஒம் பேச்சத்தான் கேக்கும். யோசிச்சுச் சொல்லு.”

இரும்பென்றால் உருகி ஓடியிருக்கும், இது கிட்டம்தான் என்றேன். அடுத்த வாரமே லாரிகள் வந்தன.

கட்டியை என்னிடம் கொடுத்தாய். “வச்சுக்க மாப்ள. நீ தெரியாமச் சொல்லமாட்ட.” அதன்பிறகு எத்தனையோ வருடம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். மேட்டைப் பற்றி நீ பேசவே இல்லை.

அந்தக் காலத்து உலைகளில் இரும்பு உருகுவதே இல்லை, கிட்டம் வடிந்தபின் அடியில் பொத்தல் கட்டியாகத் தங்கும் என்பதை ஓய்வு பெற்ற பிறகு படித்தேன். நான் பாடம் நடத்தியது பெரிய ஆலை உலையை. படித்தபோது நீ இருந்தாய். கட்டியை அறுத்துப் பார்க்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

சென்ற வாரம் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அறுத்த முகம் வெள்ளையாக மின்னியது. “நல்ல இரும்புங்கய்யா, எங்க வாங்குனீக?” என்று பட்டறைக்காரர் கேட்டார்.

இரண்டாவதாக எழுதியது தவறு. இரும்பு வந்திருந்தது.