சால்வைக்காரனை மன்னித்தவள்

விவேக் நகர்
3 ஜூன் 2024

ஜூலியா,

என்னைக் கேட்காமல் என் வில்லனை நீ மன்னித்துவிட்டாய்.

நீ அனுப்பிய நம் கேமின் புதுப் பதிப்பை நேற்று கடைசிவரை விளையாடினேன். நான் எழுதிய ஆணையர் ஏரிக்கரை ஊரை இடித்துவிட்டு, தன் மேசைக்குத் திரும்பிப் போய், அடுத்த ஊரின் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். நான் எழுதியது அவ்வளவுதான். நீ அவரை அழவைத்திருக்கிறாய். அவருக்கு இறந்துபோன ஒரு மகள், ஒரு ஊஞ்சல், பின்னால் மழை. அதைப் பார்த்ததும் கதாநாயகி வாளைக் கீழே போடுகிறாள். ஐந்து வருஷமாக நீ வரைந்து நான் எழுதி நாம் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய கதை இது. முடிவை மட்டும் நீ தனியாகச் செய்திருக்கிறாய்.

வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு சிவப்பு இதயம் போட்டு முடித்துவிடுவாய். மெயில் எழுதினால் உன் ஆபீசில் ஆறு பேர் படிப்பார்கள். அதனால்தான் காகிதம். ஆட்டோவில் அரை மணி நேரத் தூரத்துக்குத் தபால் தலை ஒட்டுகிறேன்.

சால்வைக்காரனை மறந்துவிட்டாயா? ஒன்பதாம் வகுப்பு முழுக்க உன் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து விளையாடினோமே, அந்த ஜப்பான் டிஸ்க். இங்கிலீஷ் என்று சொல்லித்தான் நடைபாதைக் கடைக்காரர் விற்றார். போட்டுப் பார்த்தால் ஒரு எழுத்தும் புரியவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது, "கேமுக்கு என்னம்மா பாஷை, பட்டன அமுக்கு, போவும்" என்றார். அப்புறம் எல்லாருக்கும் நாமே பேசினோம். நீ கதாநாயகன், நான் வில்லன்.

முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த வில்லன், நம் சால்வைக்காரன், ஒரு கிராமத்தைக் கொளுத்திவிட்டு, நெருப்புக்கு முன்னால் சால்வை பறக்க நின்று எட்டு வரி பேசுவான். "ஹக்குபத்ரா இருக்கா? எடுத்துக் காட்டு. இல்லியா? அப்ப ஜாகா காலி பண்ணு" என்று நான் பேசினேன். நீ சிரித்ததில் காபி மூக்கில் ஏறியது. வீடு உங்களுடையதுதானா, அதற்கு ஹக்குபத்ரா என்கிற உரிமைப் பத்திரம் எங்கே என்று எங்கள் தெருவுக்கு மாதம் ஒரு ஆள் வந்து கேட்டுவிட்டுப் போவான். எனக்கு வேறு வில்லன் வசனம் தெரியாது.

அந்த ஜப்பான்காரர்களை இன்றைக்கும் கும்பிடுவேன். குகையில் இருக்கிற பூதத்தை முதல் நாளே கொன்றுவிடலாம், அது பெரிய விஷயமே இல்லை என்று அவர்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள். அரண்மனையில் உட்கார்ந்து உன்னைப் பூதம் கொல்ல அனுப்பினானே, அவனைப் பார் என்றார்கள். ராஜா திருடன். கோயில் குரு பொய்யன். மண்ணுக்கு அடியில் இருக்கும் உயிரை உறிஞ்சி விளக்கு எரிக்கிற முதலாளிக்கு எழுபது மாடிக் கட்டடம். நம் சமூக அறிவியல் புத்தகத்தில் இதில் ஒரு வரி இருந்ததா?

பழைய முடிவைத் திரும்ப வை.

சங்கமித்ரா

*

ரிச்சர்ட்ஸ் டவுன்
11 ஜூன் 2024

அன்பு மித்ரா,

"அன்பு" என்று ஒரு வார்த்தை போட்டால் தபால் கட்டணம் ஏறிவிடுமா? பரவாயில்லை, உன் பங்குக்கும் நானே போட்டுவிட்டேன். உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. உறையைப் பார்த்ததும் மம்மி கேட்டாள்: "யாருடி இது, மித்ராவா? கல்யாணப் பத்திரிகையா?" திட்டி எழுதியிருக்கிறாள் என்றேன். "அப்ப நல்லாத்தான் இருக்கா" என்றாள்.

மாற்றியதை உன்னிடம் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு. ஏன் மாற்றினேன் என்று கேள்.

நம் டிஸ்கை யாரோ ரசிகர்கள் உட்கார்ந்து இங்கிலீஷில் மொழிபெயர்த்திருக்கிறார்கள், ஒரு காசு வாங்காமல். போன மாதம் முழுசாக விளையாடினேன். அந்த எட்டு வரியில் அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? "நான் பிறந்தது இந்த ஊரில். என் அம்மாவை இந்த வாசலில் இருந்துதான் விரட்டினீர்கள்." கொளுத்தியது அவன் சொந்த ஊரை, மித்ரா. நாம் அவன் வாயில் பத்திரம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

இன்னொன்று. அவன் வரும்போதெல்லாம் ஒரு இசை வருமே, நீ காதைப் பொத்திக்கொள்வாயே. கதாநாயகன் ஊரில் காலையில் கோழி மேயும்போது வருகிற பாட்டும் அதுவும் ஒன்றுதான். அதையே பாதி வேகத்தில், கீழ் சுருதியில் வாசித்திருக்கிறார்கள். அறுபது மணி நேர விளையாட்டில் அதை ஒரு இடத்தில்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்கிறவளுக்குக் கேட்டால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். கெட்டவனுக்குள்ளும் ஒரு ஊர் இருக்கிறது என்று இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்? நம் ஆணையருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

பக்கவாதம் வந்ததில் இருந்து டாடிக்கு வலது கை இன்னும் வரவில்லை. பேச்சும் அப்படித்தான், குழறுகிறது. கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன். நீ வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. சர்ச்சில் பூசை முடிந்து பத்து மணிக்கெல்லாம் வீட்டில்தான் இருப்போம்.

கோபத்தோடாவது வரச் சொல்லும்
ஜூலியா

*

விவேக் நகர்
14 ஜூன் 2024

அன்புள்ள ஜூலியா,

போட்டுவிட்டேன், போதுமா.

அந்த இரண்டு பாட்டையும் தேடி எடுத்து ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டேன். உண்மைதான். ஒரே பாட்டு. பஸ்சில் கேட்டுக்கொண்டே போய் நிறுத்தத்தைத் தாண்டி இறங்கினேன். இதைச் செய்தவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் போலிருந்தது. சால்வைக்காரனின் அம்மா கதையையும் படித்தேன். அவன்மேல் எனக்கு இருந்த மரியாதை கூடித்தான் போனது. நான் பேசிய பத்திர வசனமும் அவ்வளவு தப்பில்லை என்று தோன்றியது. அவன் அம்மாவிடமும் யாரோ அதைத்தானே கேட்டிருப்பார்கள்.

ஆனால் நீ பாதியில் நிறுத்திவிட்டாய். அந்தக் கதையைச் சொன்ன பிறகு விளையாட்டு என்ன செய்கிறது? அவனோடு சண்டை போடச் சொல்கிறது. அவன் அழுகையைக் கேள், நம்பு, அப்புறம் எழுந்து நின்று அடி என்கிறது. ஏனென்றால் கிராமம் எரிந்தது எரிந்ததுதான். அங்கே செத்தவர்களில் பல பேர் அவன் அம்மாவை விரட்டும்போது பிறந்திருக்கவில்லை. அவன் துக்கத்தையும் அவன் கணக்கையும் ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்காமல் வைத்திருந்தார்களே, அதுதான் அந்த விளையாட்டின் நேர்மை. உன் பதிப்பில் அவர் அழுகிறார், இவள் வாளைப் போடுகிறாள், பாட்டு வருகிறது, பெயர்கள் ஓடுகின்றன. இடிந்த ஊரில் யாரையாவது கேட்டாயா?

நான் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். பதினைந்து வருஷமாக நாம் இரண்டு பேரும் சொல்லாமல் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறோம். ஆணையர் என்பது உன் டாடி, மைக்கேல்ராஜ் அங்கிள்தான். நான் எழுதும்போதும் அவர்தான், நீ வரையும்போதும் அவர்தான். அல்சூர் ஏரிக்குப் பின்னால் எங்கள் லைன் வீடுகளை இடித்த சனிக்கிழமை, மிஷின் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்டு நின்ற இன்ஜினியர் அவர். என் அம்மா அவரிடம் "சார், எங்க பொண்ணும் உங்க பொண்ணும் ஒரே பெஞ்சு சார்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் கன்னடத்தில் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அங்கிளுக்குக் கை வர வேண்டும். உண்மையாகவே வேண்டுகிறேன். ஆனால் இடிந்த ஊர்க்காரி எடுக்க வேண்டிய முடிவை நீ எடுக்காதே. நீ அந்த ஊர் இல்லை.

உன்
சங்கமித்ரா

*

ரிச்சர்ட்ஸ் டவுன்
22 ஜூன் 2024

மித்ரா,

ஒரு வாரம் உன் கடிதத்தை பைபிளுக்குள் வைத்திருந்தேன். மம்மி கண்ணில் படக்கூடாது.

நீ டாடியை அந்த ஒரு சனிக்கிழமையை வைத்து மட்டும் பார்க்கிறாய். நான் வீட்டில் பார்த்தேன். உத்தரவு போட்டது அவர் இல்லை. அந்த உத்தரவைக் கையில் வாங்கியது மட்டும்தான் அவர். அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் இன்னொரு தொப்பி வந்து நின்றிருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் காகிதம் கைக்கு வந்ததில் இருந்து அவர் சாப்பிடவில்லை. மம்மி தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள், திரும்ப வைக்கிறாள். "எத்தன வீடுங்க?" என்று கேட்டாள். "அறுவத்திரெண்டு" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் ஹால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணையருக்கு நான் வரைந்தது அந்த முகம்தான். அதை நான் கற்பனை செய்யவில்லை, மித்ரா. பார்த்தேன். பதினைந்து வருஷமாக அதைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன்.

அந்த முகத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்று நினைத்தது தப்பா? எனக்கு அவர் ஒருத்தர்தான் அப்பா.

ஜூலியா

*

விவேக் நகர்
25 ஜூன் 2024

ஜூலியா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் மூன்று தடவை அங்கிளுக்காக வருத்தப்பட்டேன். நான்காவது தடவை "வெள்ளிக்கிழமை மத்தியானம்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு என் அம்மாவின் போனுக்கு நீ கூப்பிட்டாய். "ஏய், கடைசி பாஸ் சண்டை மட்டும்தான் பாக்கி. நாளைக்கு முடிச்சிரலாம். ரெண்டு நாளைக்குத் துணி எடுத்துட்டு வாடி. ஸ்கூல் பேகையும் தூக்கிட்டு வந்திரு, ஹோம்வொர்க்கும் இங்கயே பண்ணிரலாம்." நீ ஒரு நாளும் சனிக்கிழமை ஹோம்வொர்க் செய்தவள் இல்லை.

நான் வந்தேன். அன்றைக்கு உன் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. அங்கிளுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாய். மறுநாள் காலை சரியாகப் பத்து மணிக்குச் சால்வைக்காரன் விழுந்தான். நீ என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாய். ஒரு விளையாட்டுக்கு இப்படி அழுகிறாளே என்று நான் சிரித்தேன். பதினைந்து வருஷமாக அந்தக் காலையைத்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல காலை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீடு போனாலும் புத்தகம் எல்லாம் தப்பித்தது, அதிர்ஷ்டம், ஜூலியா வீட்டில் இருந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பத்து மணிக்கு மிஷின் எங்கள் வரிசையில் இருந்தது. அப்பா தெரு பெருக்கப் போயிருந்தார். அம்மா பாத்திரம் தேய்க்கும் வீட்டில் இருந்து ஓடி வருவதற்குள் கூரை இறங்கிவிட்டது. உள்ளே ஒரு டிரங்குப் பெட்டி. அதில் அப்பா காண்டிராக்டில் பதினொரு வருஷம் வேலைக்கு வந்ததைக் குறித்த ஹாஜர் அட்டைகள். வேலையை நிரந்தரம் ஆக்கும்போது அதைக் கேட்டார்கள். "இடிச்சதுல போச்சு சார்" என்று சொன்ன என் அப்பா கோவிந்தப்பாவை யார் நம்பினார்கள்? அவரோடு சேர்ந்தவர்கள் பென்ஷன் வாங்குகிறார்கள். அறுபத்து மூன்று வயதில் அவர் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேனாக நிற்கிறார். அந்தப் பெட்டியை வெளியே எடுத்து வைக்க ஐந்து நிமிஷம் போதும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் எங்களுக்கு ஒரு முழு ராத்திரி இருந்தது.

இடிக்கப்போவது எங்கள் தெரு என்று உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் என்னைக் கூப்பிட்டாயா? ஒரு வார்த்தை போதும்.

சங்கமித்ரா

*

விவேக் நகர்
20 ஜூலை 2024

ஜூலியா,

இருபத்தைந்து நாள் ஆயிற்று. கடிதம் வரவில்லை. புதுப் பதிப்பு வந்தது, கூட ஒரு வரிகூட இல்லாமல்.

விளையாடினேன். ஊஞ்சலையும் மழையையும் எடுத்துவிட்டாய். ஆணையர் தன் கதையைச் சொல்கிறார், கதாநாயகி முழுசாகக் கேட்கிறாள், வாளைக் கீழே போடவில்லை. சண்டைக்கு முன்னால் அந்த முகத்தை அரை நிமிஷம் அசையாமல் நிறுத்தியிருக்கிறாய். நான் எழுதியதைவிட நீ வரைந்தது பெரிது. நம் ஆணையர் இனி சால்வைக்காரன் பக்கத்தில் கூசாமல் நிற்பார். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன்.

ஆனால் நான் கடைசியாகக் கேட்டது இதை இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "சின்னப் பொண்ணுடி அப்ப. அப்பன் வேலைய வெளிய சொன்னா வீட்ல என்ன ஆவுமோன்னு பயந்திருக்கும். உன்னயாச்சும் கூப்ட்டுச்சே" என்றாள். இருக்கலாம். பதினாலு வயதுப் பெண்ணிடம் எனக்குப் பெரிய கோபம் இல்லை. என் புத்தகத்தைக் காப்பாற்றியவள் அவள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நான் கேட்பது இருபத்தொன்பது வயது ஜூலியாவை. படம் வரைந்து அனுப்பாதே. ஆளை அனுப்பாதே. கேக் செய்து மம்மி கையில் கொடுத்துவிடாதே. உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று உன் கையால் எழுது.

சங்கமித்ரா