வலைக்குக் கீழே மண் இல்லை

அன்புள்ள அம்மா,

என் பிறந்தநாளுக்கு, பெற்றவளையும் வாழ்த்துகிற நம் வழக்கப்படி, முதல் வாழ்த்து உங்களுக்கு. முழங்கால் வலி குறைந்ததா?

நான் நலம்தான், நேற்று பிறந்தநாளும் அதுவுமாக வேலையிடத்தில் சின்னதாக ஒரு சண்டை போட்டேன். நம் லிம்பர்க் போல இந்தக் கௌடாப் பக்கத்தில் கெட்டித் தரை கிடையாது, எல்லாம் ஊறிய சதுப்பு. ஆழத்துக்குக் கான்கிரீட் தூண்களை இறக்கி, அவற்றின் மேலே கெட்டித் துணி வலை விரித்து, அதன்மேல் மண் கொட்டித்தான் இங்கே சாலை போட்டிருக்கிறோம். வடிகால் தோண்ட வந்த யோரிஸ் அந்த வலையைக் கத்தியால் அறுத்துவிட்டான்.

"எதுக்கு இந்தக் கத்து கத்துற, மெரேல்? துணிதானே! கீழ இருக்கிற மண்ணு தாங்கிக்காதா?"

"கையை உள்ள விட்டுப் பாரு."

முழங்கை வரை விட்டும் மண் தட்டவில்லை. சதுப்பு எப்போதோ இறங்கிப் போயிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற சாலை, அம்மா! அடிமண்ணை நம்பவே கூடாது என்றுதானே அந்த வலையைப் போட்டோம்? சாலையை மூடவைத்து, எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

பிறகு காபி நேரத்தில், நீங்கள் அனுப்பிய செர்ரி கேக்கைத் திறந்து வைத்தேன். ஒருவரும் வாழ்த்தவில்லை, ஒரு துண்டும் எடுக்கவில்லை. திட்டியதைத் திரும்பப் பெறமாட்டேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. அடுத்த வருடம் கேக்கைச் சின்னதாகவே செய்யுங்கள், எனக்கு மட்டும் போதும்.

உங்கள்
மெரேல்