ஆறு அங்குலக் கண்ணாடியே போதும்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல், யாரோடும் சண்டை போடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுத வரவில்லை, பாதி வீடுதான் சுகம். அம்மாவின் கண் விஷயம். போனில் சொல்லலாம் என்றால் அவள் காதை ஒட்டி நிற்பாள், அதனால்தான் கடிதம். இருபது வயதில் உனக்கு அப்பனானவன் நான், உன் ஹாஸ்டல் வாட்ச்மேன் இன்னும் என்னை உன் அண்ணன் என்றுதான் நினைக்கிறான், பெரிய மனுஷன் மாதிரி பக்குவமாக எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

பயிற்சிச் சம்பளத்தில் டெலஸ்கோப் வாங்கி அம்மாவுக்குச் சனிக்கிரகத்தைக் காட்டப்போகிறேன், எது வாங்கலாம் என்று நாலு படம் அனுப்பியிருந்தாயே, அதில் மூன்று குப்பை. பெட்டி மேல் அறுநூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருந்தாலே வைத்துவிட்டு நடையைக் கட்டு. கண்ணில் வைக்கும் சின்ன லென்ஸை மாற்றினால் அந்த எண் மாறிவிடும், அதில் ஒரு பெருமையும் இல்லை. குழாயின் அடியில் இருக்கும் குழிந்த கண்ணாடி எத்தனை அகலம், அதைக் கேள். அகலம் இருந்தால்தான் வெளிச்சம் சேரும், வெளிச்சம் இல்லாமல் பெருக்கினால் மங்கல்தான் பெரிதாகத் தெரியும். முன்னால் லென்ஸ் வைத்ததை விட்டுவிடு, அதே விலைக்குக் கண்ணாடி வைத்ததில் அகலம் கூடுதல். ஆறு அங்குலம் வாங்கு, எட்டு வேண்டாம், நீ இருக்கிற உடம்புக்கு அதைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற மாட்டாய். மெல்லிசு முக்காலி மேல் நிற்பதும் வேண்டாம், மூச்சு விட்டாலே ஆடும். லிஃப்ட் ரிப்பேர் பண்ணிப் பிழைக்கிறவன் சொல்கிறேன், தாங்குவது ஆடினால் மேலே எதை வைத்தாலும் வீண். தரையில் உட்காரும் மரப்பெட்டி மேல் குழாய் திரும்புகிற மாதிரி ஒன்று நாலாவது படத்தில் இருக்கிறதே, அதுதான். பார்க்கும் இடம் பக்கவாட்டில் வருவதால் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தே பார்க்கலாம். ரயிலில் குலுங்கிக் கண்ணாடி கொஞ்சம் கோணியிருக்கும், பின்னால் இருக்கும் திருகுகளை நீ தொடாதே, வந்ததும் நான் நேராக்குகிறேன். தூசி என்று கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தாயானால் வீட்டுக்குள் விடமாட்டேன். உனக்கு ஏழு வயதில் நான் வாங்கித் தந்தது ஞாபகம் இருக்கிறதா, அதுவும் அறுநூறு மடங்குதான். ஒண்ணுமே தெரியலைப்பா என்று நீ அழுதாய். அம்மா மட்டும் குனிந்து பார்த்து, அழகாத் தெரியுதுங்க என்றாள். அப்புறம் பார்த்தால் முன்பக்க மூடியை நான் கழற்றவே இல்லை. எவ்வளவு சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஆறு மாதமாக அம்மா கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை மேசைக்கு வெளியே வைத்து உடைத்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, பல்பை மாற்றினேன். சமையலறையில் ஒன்று, மாடிப்படியில் இரண்டு, அப்புறம் படி விளிம்பெல்லாம் மஞ்சள் டேப், லிஃப்ட் வாசலில் ஒட்டுவோமே அது. இப்ப தெரியுதா என்பேன், நல்லாத் தெரியுதுங்க என்பாள், நான் டூல்ஸ் பையை மூடிவிடுவேன். போன மாதம் பக்கவாட்டில் வந்த ஸ்கூட்டர் தெரியாமல் ரோட்டில் இறங்கிவிட்டாள், முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அதற்குப் பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், உள்ளே அங்கங்கே புள்ளி வெளிச்சம் வரும், தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். எனக்குத்தான் பொறுமை கிடையாதே, பின்னால் நின்றுகொண்டு, என்ன இவ்வளவு நேரம், சட்டுனு அழுத்து என்று உச்சுக் கொட்டினேன். டெஸ்ட் எடுத்த பெண், உன் வயதுதான் இருக்கும், தாளைப் பார்த்துவிட்டு, சார், இவங்க வெளிச்சம் வராதப்பவும் அழுத்துறாங்க, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க என்றாள். வெளியில் உட்கார்ந்தேன். மறுபடி எடுத்த தாளில் பாதிக்கு மேல் கறுப்பு, அதெல்லாம் அவளுக்குத் தெரியாத இடம். கண் அழுத்த நோய். நரம்பு போனது போனதுதான், நடுவில் மிச்சமிருக்கும் பார்வையைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்றேன். சொல்ல முடியாது, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே என்றார். வரும் வழியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தெரியலைன்னா நீங்க திரும்ப ஏணியைத் தூக்கிட்டு வருவீங்க, ஏற்கெனவே அலுத்துப்போய் வர்றீங்களே என்றாள். இருபது வருஷமாக என் மூஞ்சியைப் பார்த்துத்தான் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறாள்.

அதனால் வருஷக் கடைசி லீவு வரை காத்திருக்காதே, அடுத்த மாதமே நாலு நாள் எழுதிக் கொடுத்துவிட்டு வா. சனி இப்போது பொழுது சாய்ந்ததுமே மொட்டைமாடிக்கு நேரே தெரிகிறது. குழாய்க்குள் தெரிவது எப்படியும் சின்ன வட்டம்தான், அவளுக்கு மிச்சமிருக்கும் பார்வைக்கு அது போதும். மங்கலானதையெல்லாம் காட்டிச் சோதிக்காதே, நிலா, சனி, அவ்வளவுதான். கண்ணை வைத்ததுமே தெரியுது என்பாள், நம்பாதே. வளையம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேள். தெரியலை என்றால் நல்லது, அதைச் சொல்லவிடு, குழாயை மெதுவாகத் திருப்பு, மறுபடியும் கேள். நான் கண்ணாடியை நேராக்கிக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விடுவேன். நான் பக்கத்தில் நின்றால் அவளுக்கு எல்லாமே தெரிந்துவிடும்.

இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதே. நீ நல்லா இருக்கணும், உன் கையால் தொட்டது விளங்கணும். ஒன்று மறக்காதே, இந்த நோய் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரலாமாம், இந்த வாரமே போய் உன் கண்ணைக் காட்டு. அந்தப் பட்டனைக் கையில் கொடுப்பார்கள். யார் அவசரப்படுத்தினாலும், வெளிச்சம் வந்தால் மட்டும் அழுத்து.

இப்படிக்கு,
உன் அவசரக்கார அப்பா