கதவு வரையாத வீடு

நான் கூப்பிட்டால் ஏன் என்று கேட்காமல் எழுந்து வரும் என் சாந்தி அக்காவுக்கு,

முசரவாக்கத்தில் நாம் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டப் போகிறோம். இதை உன் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது, இன்னும் எந்தச் சேதி வந்தாலும் முதலில் உன் மூலைப் பக்கம்தான் திரும்புகிறேன். சேதி என்னவோ நல்லதுதான். எனக்குத்தான் அலுப்பாக இருக்கிறது.

வீட்டுக்கு வரைபடத்தை நானே போட்டேன். சிரிக்காதே. கடையிலிருந்து புடவைப் பெட்டியின் அட்டை ஒன்றை எடுத்துவந்து, திவ்யா பள்ளிக்கூடம் போனபோது வைத்திருந்த ஸ்கேலைத் தேடிப் பிடித்து, கிடைத்த லீவு நாளிலெல்லாம் வரைந்தேன். பொழுதுக்கும் நின்றுகொண்டே புடவை பிரித்துக் காட்டுகிறவளுக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை என்பதே சுகமாக இருந்தது. ஹால், சமையல்கட்டு, எனக்கும் இவருக்கும் ஒரு அறை, திவ்யாவுக்கு ஒரு அறை, பின்னால் குளியலறை. பிள்ளையார்பாளையத்து லைன் வீட்டில் ஒரே அறைக்குள் நாம் நாலு பேரும் படுத்து எழுந்ததை நினைத்தால், இது அரண்மனை இல்லையா?

வரைந்ததோடு நிறுத்தியிருக்கலாம். பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன். "எப்படி இருக்குது?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்வார்கள் என்ற நினைப்பு எனக்கு.

இவருடைய அண்ணன் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். "அடுப்பு அக்னி மூலையில இல்ல பாரும்மா. இப்பிடி வச்சிக்கினா வீட்ல சண்டை ஓயாது." நான் அட்டையைத் திருப்பிக் கையில் கொடுத்தேன். அடுப்பு அக்னி மூலைக்கு வந்துவிட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை, உடனே மாடிப்படியில் குறை கண்டுபிடிக்கப் போய்விட்டார். பக்கத்துப் போர்ஷன் மேரி, துணி எங்கே காயப்போடுவாய் என்றாள். கடையில் கூட நிற்கிற பெண், பீரோ எங்கே வைப்பாய் என்றாள். திவ்யா அதைப் போட்டோ எடுத்து ஏதோ வீடு கட்டுகிறவர்கள் குரூப்பில் போட்டாள். முன்பின் தெரியாதவர்கள் வரிசையாகக் கருத்து சொன்னார்கள். இது வீடா, கல்யாண மண்டபமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எதற்கு அப்படிக் கேட்டார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிடம் போனபோதுதான் புரிந்தது. மரியாதையான மனுஷர். அட்டையைப் பொறுமையாகப் பார்த்தார்.

"அளவெல்லாம் நல்லா போட்டிருக்கீங்க மேடம். கதவுதான் எங்கயும் காட்டல."

"வாசல்ல காட்டியிருக்கேனே சார்."

"அது வெளிக்கதவு. உள்ள?"

உள்ளே ஒன்றுகூட இல்லை அக்கா. அறைகளுக்கு இல்லை, குளியலறைக்கும் இல்லை. சுவரில் ஆள் நுழைய இடம் மட்டும் விட்டிருந்தேன். இவர் அங்கேயே சிரித்துவிட்டார். "இவ பொறந்ததுல இருந்து ஒத்தக் கதவு வூட்லதான் சார் இருக்கிறா," என்றார். கதவு என்றால் ஒரு கால் வட்டம் போட வேண்டும், அது எந்தப் பக்கம் திறக்கும் என்று அதில் தெரியும் என்று இன்ஜினியர் பேனாவால் காட்டினார்.

இவர் சொன்னதும் பொய்யில்லை. கொடியில் ஒரு புடவையைத் தொங்கவிட்டால் அதுதானே நமக்கு அறை? பின்பக்கத்துக் குளியலறைக்குத் தகரக் கதவு உண்டு. அது லைனுக்கே பொது என்பதால் என் மனசு அதை நம் வீட்டில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து குளியலறைக்கு மட்டும் கதவு, அறைகளுக்குத் திரை போதும் என்று சொன்னேன். திவ்யா கம்பெனியிலிருந்து வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

"என் ரூமுக்குக் கதவு வேணும்மா. உள்பக்கம் தாழ்ப்பாளும் வேணும். இல்லன்னா நான் ஸ்ரீபெரும்புதூர்லயே ஹாஸ்டல் பாத்துக்கறேன்."

"எங்ககிட்ட மறைக்கறதுக்கு உனக்கு என்னடி இருக்குது?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள். சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் ஹாஸ்டலுக்கு போன் செய்து இடம் இருக்கிறதா என்று விசாரித்தது என் காதில் விழுந்தது. யாருக்காக வீடு கட்டுகிறேனோ அவளே வரமாட்டாள் என்றால் அந்தச் சுவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்களே, அன்றைக்கு நான் வெளியே தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நீ என்னைக் கூப்பிட்டாயா அக்கா? திறந்தபோது நீ இல்லை. அதிலிருந்து சாத்திய கதவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். கதவு வரைய மறந்தேனா, வரையக் கை வரவில்லையா, எனக்கே தெரியவில்லை.

இதைத் திவ்யாவிடமும் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். அப்புறம் கேட்டாள்: "பெரிம்மா எங்க அழும்னு உனக்குத் தெரியுமா?"

"அவ எங்கடி அழுதா?"

"பின்னாடி பாத்ரூம்ல. பக்கெட்ல தண்ணியத் திறந்து வுட்டுக்கினு அழும். ஷிப்ட் முடிஞ்சி வந்து குளிக்க நிக்கறப்ப எத்தினி வாட்டி கேட்டிருக்கேன். வெளிய வந்து, தைலம் கண்ணுல பட்டுடுச்சின்னு சொல்லும். நான் கம்பெனி பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கினு அழறேன். அவ்ளோதாம்மா. நம்ம வீட்ல அழறதுக்கு ஒரு எடம் இல்ல."

தைலம் என்று என்னிடமும் சொல்லியிருக்கிறாய். கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடக் கூடாதா என்று உன்னைத் திட்டியிருக்கிறேன். எதற்காக அழுதாய்? வலி அப்போதே ஆரம்பித்துவிட்டதா? இல்லை, என்னிடம் சொல்ல முடியாத வேறு ஏதாவதா? ஒரே அறையில் இருந்தால் எல்லாம் தெரியும் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். திவ்யா எதற்கு அழுகிறாள் என்றும் எனக்குத் தெரியாது.

இன்று காலை அட்டையை மறுபடி எடுத்தேன். கால் வட்டம் போட ஒன்றும் அகப்படவில்லை. அலமாரியில் உன் தைல டப்பா இருந்தது. அதன் மூடியை வைத்துத் திவ்யாவின் அறைக்குக் கதவு வரைந்தேன். பக்கத்தில், உள்பக்கம் தாழ்ப்பாள் என்றும் எழுதினேன். அவள் வந்து பார்த்து, "கோணலா இருக்குது," என்றாள். கருத்து சொல்லாத ஆள் நம் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. ஹாஸ்டல் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அவள் கதவைச் சாத்திக்கொண்டால் நான் தட்டமாட்டேன். என்ன, ஏது என்று குடைய மாட்டேன். வெளியே தரையில் உட்கார்ந்திருப்பேன், அது எனக்குப் பழக்கம்தான். இந்தத் தடவை உள்ளே இருக்கிறவள் தானே திறந்துகொண்டு வெளியே வருவாள்.

நீ இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கச்சி,
செல்வி