நம் புற்றில் இன்னொருவர்

என் உயிர் மச்சான் குகனுக்கு,

மறுபடி மழை பிடித்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு மேலே இடி உருண்டபோது, மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுக்க என் கடையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தேன். இந்நேரத்துக்கு உன் போன் அடித்திருக்கும். "மச்சான், இடி கேட்டதோ? ரெண்டு மூண்டு நாளில காளான் கிளம்பும், வாறியோ?" என்பாய். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கண்டியிலேயே தலை நரைத்தும் உன் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவே இல்லை. போன் அடிக்கவில்லை. "ஐயா, கடைசி வரி தெரியலிங்க" என்று அந்த அம்மாதான் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

நீ இல்லாமல் வந்த முதல் காளான் பருவம் இது. உன் வீட்டுக்காரி வாசுகி எப்படி இருக்கிறாள், வீட்டில் என்ன கதை என்று சொல்லிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. எனக்கு வயிறு எரிகிறது. இந்த வயதில், அதுவும் செத்துப்போன கூட்டாளியின் பேரில் பொறாமையா என்று கேட்காதே. ஆமாம், பொறாமைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காளான் ஆட்களின் கூடல் நடந்தது. வழக்கம்போல ஹந்தானைப் பக்கம்தான். மாத்தளை, நுவரெலியா, குருநாகல் என்று எங்கெங்கிருந்தோ சனம் வந்திருந்தது. காலையில் காட்டுக்குள் ஒரு நடை, அட்டைக்கடி, ஆளுக்கு ஆள் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வது. மத்தியானம் மண்டபத்தில் நீள மேசை போட்டு, அவரவர் கொண்டுவந்த காளானைப் பரப்பி வைக்க, பல்கலைக்கழகத்து ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துப் பெயர் சொல்வது. எல்லாம் நீ இருந்தபோது நடந்த மாதிரியே நடந்தது. அதுவே எனக்கு முதல் கோபம். ஒரு சின்னக் காரியமாவது தடங்கலாகிப் போயிருக்கக் கூடாதா?

பேச்சைத் தொடங்கியது நம் பேராசிரியை அம்மாதான். தெரியாத வெள்ளைக் காளானை யாரும் வாயில் வைக்காதீர்கள் என்று சிங்களத்திலும் பிறகு தமிழிலும் எச்சரித்தார். உனக்காக எல்லோரையும் ஒரு நிமிஷம் எழும்பி நிற்கச் சொன்னார். உட்கார்ந்த பிறகு, "குகன் மாத்தயாவோட ரொம்ப நெருங்கின கூட்டாளி இப்ப ரெண்டு வார்த்தை பேசுவார்" என்றார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரையை விட்டு எழும்பினேன்.

"நிசார், வாங்க" என்றார்.

எழும்பியவன் என்ன செய்வது? தண்ணீர் எடுக்கப் போகிறவன் மாதிரி நேரே பின்பக்கம் நடந்தேன். தாகமே இல்லை. ஒரு போத்தலை முழுதாகக் குடித்தேன்.

நிசார் யாரென்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? திகனயில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறவர், நான் 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவர். உன் செத்தவீட்டில் கூடாரம் அடித்து, கதிரை இறக்கி, வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீ கொடுத்து ஓடித்திரிந்தவர். அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. கதிரை இறக்க நான் இல்லையா? கூடலில் பழகிய மனுசன், பாசத்தில் செய்கிறார் என்று விட்டுவிட்டேன்.

நன்றாகப் பேசினார் மச்சான், அதுதான் கொடுமை. காளானைக் கண்டதும் நீ தொப்பியைக் கழற்றுவதைச் சொன்னார். பிடுங்கும் முன் புற்றை ஒரு தரம் சுற்றி வருவதைச் சொன்னார். சோற்றுப் பார்சலில் முட்டையை ஓரமாக ஒதுக்கிக் கடைசியில் சாப்பிடுவதைச் சொன்னார். சனம் சிரித்தது, கண்ணைத் துடைத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முட்டையின் கதை இவருக்கு எப்படித் தெரியும்? எத்தனை தரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்சல் பிரித்திருந்தால் அது கண்ணில் படும்?

அந்தக் கொதிப்போடுதான் மேசைக்கு வந்தேன். நிசார் கொண்டுவந்தது நடுவில் இருந்தது. கறையான் புற்றில் கிளம்பும் காளான். குடை என் கையகலம். வேர் அறாமல் முழுசாகத் தோண்டி எடுத்திருந்தார். நேராக இறங்க வேண்டிய வேர் நடுவில் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. அந்த மடிப்பில் பழைய சுண்ணாம்புக் காரை ஒட்டியிருந்தது. குனிந்து இன்னொரு தரம் பார்த்தேன்.

அது நம் புற்று, குகன். எல்லை அளக்கப் போன இடத்தில் நீ கண்டுபிடித்த புற்று. சரியான இடத்தை இதில்கூட எழுதமாட்டேன், கடிதம் யார் கையில் அகப்படுமோ. புசல்லாவைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருந்து இடிந்துபோன ஒரு லயத்துக்குப் பின்னால் என்பதோடு நிறுத்துகிறேன். லயத்தின் காரைத் தளத்துக்குக் கீழே புற்று இருப்பதால், அங்கே கிளம்பும் ஒவ்வொரு காளானும் தளத்தின் விளிம்பைச் சுற்றி வளைந்துதான் மேலே வரும். வேறெங்கும் நான் அப்படிப் பார்த்ததில்லை. "இந்த இடம் உலகத்தில ரெண்டு பேருக்குத்தான் தெரியும், உனக்கும் எனக்கும்" என்றாய். ஒருவர் இல்லாமல் மற்றவர் போவதில்லை என்று கையடித்துக் கொடுத்தோம். வாசுகிக்குத் தெரியாது. என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. நீ போன பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

நம் கூட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும். காளானுக்குப் பக்கத்தில் வைக்கும் சீட்டில் மாகாணத்தை மட்டும் எழுதுவோம். எங்கே பிடுங்கினாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பேராசிரியர்களே கேட்கமாட்டார்கள். ஒருவரிடம் சம்பளத்தைக் கேட்டாலும் சிரித்துச் சமாளிப்பார், இதைக் கேட்டால் பிறகு முகம் கொடுக்கமாட்டார். நான் கேட்டேன். அத்தனை பேருக்கு முன்னால், கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"நானா, இத எங்க புடுங்கினீங்க?"

கேமராவைத் தூக்கியவர்கள் இறக்கினார்கள். பேராசிரியை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். என் கடையில் செய்த கண்ணாடி அது, அதில் அழுக்கே இல்லை. நிசாரின் முகம் சிவந்துவிட்டது.

"சீட்டுல எழுதி ஈக்கிதானே, அண்ணன்."

"மாகாணம் பெருசுங்க நானா. ஊரச் சொல்லுங்க."

"மன்னிச்சிக்கோங்க. அத மட்டும் செல்ல ஏலா."

பாவம், கூட்டாளி செத்த துக்கத்தில் பேசுகிறார் என்று பின்னாலிருந்து யாரோ சிங்களத்தில் எனக்காக வக்காலத்து வாங்கினார்கள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியுமா? வெளியே வந்து படியோரத்தில் நின்றேன். பஸ் பிடித்துக் கட்டுகஸ்தோட்டைக்கே போய்விடலாமா என்றும் நினைத்தேன். அதற்குள் நிசார் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். சண்டை பிடிக்க நான் தயார். அவர் கோப்பையை என் கையில் வைத்தார்.

"கோவிச்சிக்காதீங்க அண்ணன். அந்த எடம் குகன் அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஒலகத்துல ரெண்டே பேருக்குன்னு செல்லித்தான் காட்டினார். நான் வாக்குக் குடுத்து ஈக்கிறேன்."

அதே வார்த்தை, மச்சான். ஒரு சொல்லைக்கூட நீ மாற்றவில்லை.

அவர் தன் பாட்டில் சொல்லிக்கொண்டே போனார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடை பூட்டியிருக்கும் பின்னேரங்களில் நீ அவரைக் கூட்டிப் போவாயாம். எனக்குக் கடை லீவு பௌர்ணமிப் போயாவுக்கு, அதனால் எனக்குப் போயா. அவருக்கு வெள்ளி. நிலம் அளக்கும் உன் சேவையர் உத்தியோகம் இதற்கு நல்ல வசதிதான். எந்தக் காட்டில் நின்றாலும் நீ அளக்கத்தான் நிற்கிறாய் என்று நினைப்பார்கள்.

"சில நாளைக்குப் போய்ப் பார்த்தா முந்தியே யாரோ தோண்டி ஈக்கும். எனக்கு நெஞ்சு பத்தும். குகன் அண்ணன் சிரிச்சிக்கிட்டே செல்லுவார், 'அது முள்ளம்பண்டியின்ர வேலை நிசார், விடும்' எண்டு."

முள்ளம்பன்றி. அது நான்தான். சரி, போகட்டும். குழியைப் பார்த்து நான் புலம்பிய நாட்களில் என்னிடம் என்ன சொன்னாய்? "காட்டுப்பண்டி கிளறியிருக்கும் மச்சான், அதுக்கும் வயிறு இருக்குத்தானே." ஒரு நாள் அந்தப் பன்றியை அதன் தாய் தகப்பன் வரை இழுத்துத் திட்டினேன். நீ தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சாய்ந்து படுத்தாய். களைப்பு என்று நினைத்தேன். சிரித்தாயா, குகன்? எத்தனை காலமாக எங்கள் இரண்டு பேரையும் இப்படிப் பேய்க்காட்டினாய்?

ஒன்று மட்டும் கவனித்தேன். அவரை 'விடும்' என்று 'நீர்' போட்டுப் பேசியிருக்கிறாய். என்னோடு உனக்கு எப்போதும் 'நீ'தான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான் எவ்வளவுக்கு இறங்கிவிட்டேன் பார்.

அந்த இடத்திலேயே நானும் சொல்லியிருக்கலாம். "லயத்துக்குப் பின்னால வேர் வளைஞ்சு கெளம்புறது எனக்கும் தெரியும் நானா" என்று ஒரே ஒரு வரி. எனக்கு எரிந்த மாதிரி அவருக்கும் எரிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்ல மனதால் அடக்கினேன் என்று நினைத்துவிடாதே. பேச்சு எடுத்தால் யாருக்கு முதலில் காட்டினாய் என்ற கேள்வி வரும். நான் இரண்டாவது ஆளாக இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது அவர் சொன்னார்:

"இந்தத் தரம்தான் தனியாப் போனேன். குகன் அண்ணன் பேருக்கு மேசையில ஒண்டு வைக்கோணும்னு. போக மனசே இல்ல. அண்ணன், நீங்க என்னோட வாறீங்களா? உங்களுக்குக் காட்டுறேன். அவர் மௌத்தாகிட்டார், வாக்கக் காப்பாத்திக்கிட்டு நான் மட்டும் தனியாத் திண்டு என்ன செய்ய? நீங்க அவர்ட கூட்டாளி. உங்களுக்குக் காட்டினா அவர் கோவிக்க மாட்டார்."

பார்த்தாயா? சற்று முன் சபையில் தன் மானத்தை வாங்கியவனிடம் அந்த மனுசன் இதைச் சொல்கிறார். நானாக இருந்தால் காட்டியிருப்பேனா? செத்தாலும் காட்டமாட்டேன். அவரை நீ ஏன் விடாமல் பிடித்துக்கொண்டாய் என்று அந்த நிமிஷம் எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதால் பொறாமை குறையவில்லை, கூடிவிட்டது. கெட்டவர் என்றால் உன் படத்துக்கு முன்னால் நின்று அவரைப் பற்றி நாலு வார்த்தை குறை சொல்லி ஆறியிருப்பேன். இவரை நான் என்ன செய்வது?

"வர்றேன் நானா" என்றேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

அன்றிலிருந்து உன்னோடு மனதுக்குள் சண்டைதான். மூன்று பேரும் சேர்ந்து போயிருக்கலாமே? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? சரி, சொல்லியிருப்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாசக் கணக்கில் உன் போனை எடுக்காமல் இருந்திருப்பேன். அதற்குப் பயந்துதான் மறைத்தாயா? இல்லை, 'உனக்கு மட்டும்' என்று சொல்லும்போது எங்கள் முகம் மலர்வதைப் பார்க்க உனக்கு அவ்வளவு ஆசையா? வேறு யாருக்கும் வேறு கிழமைகளில் காட்டியிருக்கிறாயா? செவ்வாய்க்கிழமைக்காரர் யாரும் உண்டா? இருந்தால் இப்போதே கனவில் வந்து சொல்லிவிடு, ஒரேயடியாகத் தாங்கிக்கொள்கிறேன்.

வருகிற போயாவுக்குப் போகிறோம். புசல்லாவை பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தானாம், நிசார் இப்போதே சொல்லிவிட்டார். வழி தெரியாதவன் மாதிரி அவர் பின்னால் நான் நடக்க வேண்டும். ஓடையில் எந்தக் கல் ஆடும் என்று எனக்குத் தெரியும், தெரியாதவன் மாதிரி அதில் காலை வைத்து நனைய வேண்டும். லயத்தைத் தாண்டியதும் "அடேங்கப்பா, இதுவா எடம்" என்று வாயைப் பிளக்க வேண்டும். கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். என் வீட்டுக்காரி வந்து பல்லுவலியா என்று கேட்டாள்.

செய்வேன், மச்சான். உனக்கு வாக்குத் தருகிறேன். அந்தப் புற்று அவர் எனக்குக் காட்டிய இடமாகவே கடைசி வரைக்கும் இருக்கட்டும், என் வாயால் அதைக் கெடுக்கமாட்டேன். அவர் குழியைப் பார்த்துக் கவலைப்பட்டால் நானும் சேர்ந்து முள்ளம்பன்றியைத் திட்டுவேன். இன்னொரு வாக்கும் தருகிறேன், எனக்கு ஆகக் கஷ்டமானது அதுதான். எந்த வருஷத்திலிருந்து உன்னோடு அங்கே போகத் தொடங்கினார் என்று அவரிடம் நான் ஒருநாளும் கேட்கமாட்டேன்.

உன் முதல் மச்சான்,
சிவலிங்கம்